கடைசிப் பாதை போய்விடும்

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 78 வயது. டிமென்சியா என்று டொக்டர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. ஊரில் 'அறளை பேந்திட்டு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பின்னேரம் ஐந்து மணியானால் இரண்டு சீலை, வெத்திலைப் பெட்டி, ஒரு சாரன் (லுங்கி) எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு படலைக்குப் போய்விடுவா. "வீட்ட போகணும், பாதை போயிரும்" என்பா. இதுதானேம்மா வீடு என்றால் கோபம் வரும். கட்டாரிலிருந்து தம்பி எடுத்தால் மட்டும் மணிமணியாகக் கதைப்பா. நான் சும்மா பெரிதுபடுத்துகிறேன் என்கிறான் அவன்.

இதையெல்லாம் சமாளிப்பேன். "அவர் இன்னும் வரல்லியா" என்று கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. நாங்கள் மண்டூரில் இருந்தபோது, 1990இல் அப்பாவைக் கொண்டுபோனார்கள். வரவில்லை. அதற்குப் பிறகுதான் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தா. 'வயலுக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லிவிடுகிறேன். பெற்ற தாயிடம் பொய் சொல்லலாமா?

த.

அன்புள்ள த.,

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பெயர் பாதை. குருமண்வெளியில் ஏறினால் மண்டூரில் இறங்கலாம். பொழுதுபட்டால் அக்கரைக்குப் போக வழியில்லை என்பது மண்டூரில் பிறந்த ஒருவருக்குச் சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிய அவசரம். டிமென்சியா உள்ளவர்களுக்குப் பின்னேரத்தில் பதற்றம் கூடுவது உலகம் முழுக்க உள்ளதுதான். நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பு, மங்கும் வெளிச்சம், சுவரில் அசையும் நிழல், எல்லாம் சேர்ந்து குழப்பும். அந்தப் பதற்றத்துக்கு உங்கள் அம்மா வைத்திருக்கும் பெயர் பாதை. ஆகவே இருட்ட முதல் லைற்றைப் போடுங்கள். நாலரைக்கே தேத்தண்ணியைக் கொடுத்து, பயறு பொறுக்கவோ வெங்காயம் உரிக்கவோ கையில் ஒரு வேலையையும் கொடுங்கள். அப்படியும் படலைக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வரலாம். 'இதுதான் வீடு' என்று மட்டும் வழக்காட வேண்டாம்.

நான் வழக்காடியவன். 1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் பெத்தாவின், அதாவது பாட்டியின், தலைக்குள் கடைசிக் காலத்தில் திரும்பி வந்தது. ஓர் இரவு விறாந்தைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "கூரை போகுது, கூரை போகுது" என்று கத்தினா. நான் டோர்ச்சை அடித்துத் தென்னையைக் காட்டினேன். "பாருங்க, ஓலைகூட அசையல்ல" என்றேன். இன்னும் சத்தமாகக் கத்தினா. பெரியம்மா எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் கிணற்றுக் கயிற்றை எடுத்து, "பிடிங்கம்மா, கட்டுவம்" என்று தூணைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டா. பெத்தா முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தா. அப்புறம் போய்ப் படுத்துவிட்டா. டோர்ச்சோடு நின்றது நான்தான்.

அல்சைமர் மாதிரியான வருத்தத்தில் மூளையில் முதலில் பழுதாவது புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் இடம். பழையவை கனகாலம் தங்கும். கேட்ட சொல் மறந்தாலும் அது தந்த பயமோ கவலையோ உடனே போகாது. அம்மா காலையில் உங்களோடு காரணமில்லாமல் முகம் கொடுக்காமல் இருந்தால், முந்தின இரவுச் சண்டையின் மிச்சமாக இருக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அதே பெத்தா ஒரு கிழமை திடீரென்று சாப்பாட்டை விட்டு, காற்றில் எதையோ பிய்த்துக்கொண்டு, முகட்டைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினா. அறளை முற்றிவிட்டது என்று நாங்கள் மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். கடைசியில் பார்த்தால் சிறுநீரில் கிருமி. மருந்து கொடுக்க, பழைய பெத்தாவாக, அதாவது பழைய மறதியோடு, திரும்பி வந்தா. டிமென்சியா மாதக் கணக்கில் மெல்ல நகரும். மணிக்கணக்கிலோ இரண்டொரு நாளிலோ ஆள் மாறினால் அது வேறு விசயம். கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, சீனி இறங்கியது, புதிதாகத் தொடங்கிய குளிசை என்று எதுவாகவும் இருக்கலாம். நித்திரைக் குளிசையும் சளிக்குக் கொடுக்கும் பழைய வகைக் குளிசைகளும்கூட இதைச் செய்யும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் உள்ள குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டு போங்கள். சத்தம் போடாமல் சோர்ந்து தூங்கித் தூங்கிக் கிடந்தாலும் இதேதான். அதைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

தம்பியைக் கோபிக்காதீர்கள். பத்து நிமிடக் கதை பழக்கத்தில் ஓடிவிடும். "சாப்பிட்டியா மனே, அங்க வெயிலா" என்று கேட்க ஞாபகம் தேவையில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு வீடியோவில் எடுத்து அரைமணி நேரம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, கிழமையில் இரண்டு நாள் உதவிக்கு ஓர் ஆள் வைக்கக் காசு கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சரி, பொய்க்கு வருகிறேன். கடிதத்தில் நீங்களே 'வரவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இறந்துவிட்டார் என்று எழுதவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக உங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உண்மை என்று எதை அம்மாவிடம் சொல்லப் போகிறீர்கள்? வயலுக்குப் போயிருக்கிறார் என்பதில் எனக்குள்ள சிக்கல் வேறு. வயலுக்குப் போனவர் பொழுதுபட வரவேண்டும். வராவிட்டால் அம்மா அன்றைக்கும் காத்திருப்பா. அதைவிட, "அவருக்கு என்ன கறிம்மா பிடிக்கும்" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லட்டும். அழுதால் பக்கத்தில் இருங்கள். "உயிரோட இருக்காரா" என்று நேராகவே கேட்கும் நாள் வந்தால், "எனக்கும் தெரியாதும்மா" என்று சொல்லலாம்.

பையில் இருக்கும் சாரன் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. வருகிறவர் மண்டூர் வீட்டுக்குத்தானே வருவார், களுவாஞ்சிகுடி வீடு அவருக்குத் தெரியாதே. இரவில் பையைப் பிரித்துச் சீலைகளை மடித்து வைக்கும்போது அந்தச் சாரனை மட்டும் அதிலேயே விட்டுவிடுங்கள்.