டூவெல் போல ஒரு ஏல்: வீட்டில் தயாரிப்போரின் கேள்விகளும் பதில்களும்

பெல்ஜியத்து பீரான டூவெலைப் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறேன். வெளிறிய பொன்னிறம், 8.5 சதவீத ஆல்கஹால். ஆனாலும் குடிக்கும்போது கனமே தெரியாது. வலிமையான ஏல் வகை பீர்களில் வீட்டில் தயாரிப்போரை இவ்வளவு ஏங்க வைப்பதும் இவ்வளவு ஏமாற்றுவதும் வேறொன்றில்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் சரியான செய்முறைக் குறிப்பு கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். குறிப்பு ஒரு பத்தியில் முடிந்துவிடும். நொதிக்க விடுவதும் அதன்பின் காத்திருப்பதும்தான் இந்த ஏலை உருவாக்குகின்றன. அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: நான் பார்த்த ஒவ்வொரு குறிப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒன்றில் பிஸ்கட் மால்ட், இன்னொன்றில் கொத்தமல்லி விதை, மற்றொன்றில் ஆரஞ்சுத் தோல். எது சரி? (டொராண்டோ வாசகர்)

பதில்: மூன்றையும் விட்டுவிடுங்கள். டூவெலில் இருப்பவை பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிறிய பார்லி), டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை, செக் நாட்டுச் சாட்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூக்கள்), ஸ்லோவேனியாவின் ஸ்டிரியன் கோல்டிங் ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். அவ்வளவுதான். நாக்கில் படும் மிளகு, பேரிக்காய், கொஞ்சம் கிராம்பு எல்லாம் ஈஸ்ட் கொடுப்பவை. அந்தச் சுவைகளுக்கு மசாலாதான் காரணம் என்று நினைத்தவர்கள் குறிப்பில் மசாலாவைச் சேர்த்துவிட்டார்கள்.

20 லிட்டருக்கு என் கணக்கு இது. பில்ஸ்னர் மால்ட் 4.8 கிலோ. அதை 64 டிகிரி வெந்நீரில் 75 முதல் 90 நிமிடம் ஊற வைக்க வேண்டும். இந்தச் சூட்டில்தான் மாவுச்சத்து பெரும்பாலும் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக உடைகிறது. 68 டிகிரிக்குப் போனால் நொதிக்காத மிச்சம் கூடி, பீர் கனத்துவிடும். பிறகு 90 நிமிடக் கொதி. கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது ஸ்டிரியன் கோல்டிங் 50 கிராம், அரைமணி நேரம் இருக்கும்போது சாட்ஸ் 30 கிராம், அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் முன்னால் மணத்துக்காக இன்னும் 15 கிராம் சாட்ஸ். கசப்பு அலகு முப்பதைச் சற்றுத் தாண்டும். டெக்ஸ்ட்ரோஸ் 700 கிராம். அதை எப்போது போடுவது என்பதைக் கீழே சொல்கிறேன். எல்லாம் சேர்ந்து, சாற்றில் கரைந்த சர்க்கரையை அடர்த்தியாகக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.067 வரும்.

8.5 சதவீதத்துக்கு 1.067 போதாதே என்று சிலர் கேட்பார்கள். நொதித்து 1.006-க்கு இறங்கினால் 8 சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது போடும் சர்க்கரையும் நொதித்து ஏறக்குறைய அரை சதவீதம் கூட்டும். பல குறிப்புகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தொடக்கத்திலேயே 8.5-க்குத் திட்டமிட்டவர்களுக்குக் கடைசியில் 9 கிடைக்கிறது, தொண்டையில் சூடும் தெரிகிறது.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? இங்கே நல்ல கருப்பட்டி கிடைக்கிறது. (ஸ்கார்பரோ வாசகர்)

பதில்: இதற்குப் போடாதீர்கள். நிறமும் போய்விடும், டூவெலின் துல்லியமும் போய்விடும். டெக்ஸ்ட்ரோஸ் கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைச் சர்க்கரை போதும்; அதில் ஈரம் இல்லாததால் 700 கிராமுக்குப் பதில் 640 கிராம் போடுங்கள். சுவையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கருப்பட்டியை ஷிமே நீலம், ரோஷ்ஃபோர் போன்ற கருமையான பெல்ஜிய ஏல்களின் வழியில் ஒன்றைத் தயாரிக்கும்போது எடுத்து வையுங்கள். அங்கே அதன் புகைவாடையும் கரும்பழச் சுவையும் இடமறிந்து உட்காரும்.

கேள்வி: எந்த ஈஸ்ட்? டூவெல் பாட்டிலின் அடியில் படிந்திருப்பதையே வளர்த்துப் பயன்படுத்தலாமா? (லண்டன் வாசகர்)

பதில்: வையீஸ்ட் 1388 அல்லது வைட் லேப்ஸ் 570. டூவெலின் வழிவந்தவை என்று தொழிலில் இருப்பவர்கள் நெடுங்காலமாக நம்பி வருபவை இவை இரண்டும்தான். என் அனுபவத்தில் மிக அருகில் கொண்டுபோய்ச் சேர்ப்பவையும் இவையே. 

டூவெலின் கதையே ஈஸ்டில்தான் தொடங்குகிறது. ஆன்ட்வெர்ப் மாநிலத்தின் பிரேன்டோங்க்கில் 1871-இல் மோர்ட்காட் குடும்பம் ஆலையைத் தொடங்கியது. முதல் உலகப் போரின் சமயத்தில் பிரிட்டிஷ் ஏல்கள் பெல்ஜியத்தில் பெயர் பெற்றிருந்தன. அவற்றுக்கு ஈடாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஆல்பர்ட் மோர்ட்காட் ஸ்காட்லாந்துக்கே போய் ஈஸ்ட் வாங்கி வந்தார். வெற்றி ஏல் என்ற பொருளில் விக்டரி ஏல் என்று வெளிவந்த அந்த பீர் 1923-இல் டூவெல் ஆனது. அப்போது அது கருமையான ஏல். இன்று நாம் பார்க்கும் பொன்னிறத்துக்கு 1970-இல்தான் மாறியது. மால்ட்டை மாற்றினார்கள், ஈஸ்டை விடவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

பாட்டில் அடியிலிருந்து வளர்க்க முடியும். ஆனால் அந்த ஈஸ்ட் வலுவான ஆல்கஹாலில் மாதக்கணக்கில் கிடந்து களைத்துப்போனது. புதிய பாட்டில்களாகப் பார்த்து இரண்டு மூன்றின் படிவைச் சேர்த்து, நீர்த்த மால்ட் சாற்றில் படிப்படியாகப் பெருக்க வேண்டும். இடையில் வேறு கிருமி ஏதாவது புகுந்தால் எல்லாம் வீண். முதல் முறை செய்பவர் பாக்கெட் வாங்குவதே நல்லது.

பாக்கெட்டையும் அப்படியே கொட்டிவிடாதீர்கள். 20 லிட்டர் வலுவான சாற்றுக்குச் சுமார் 24,000 கோடி செல்கள் வேண்டும். திரவ ஈஸ்ட் பாக்கெட் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. இரண்டு நாள் முன்பே 200 கிராம் உலர் மால்ட் சாரத்தை இரண்டு லிட்டர் நீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் ஈஸ்டைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். என் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் தயாரிக்கலாமா?

பதில்: கூடாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்தப் பயன்பாடு என்பது விலக்கு ஆகாது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் இயற்றிய சட்டம் மத்திய அரசு அளவில் வழிவிட்டது. எங்கே இருந்தாலும் தயாரித்ததை விற்பது வேறு விஷயம். அதற்கு உரிமம் வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் பீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வருகிறது, குடித்தால் நெஞ்சு எரிகிறது. இதை என்ன செய்வது? பெல்ஜிய ஈஸ்டுக்குச் சூடு வேண்டும் என்று படித்து, முதல் நாளிலிருந்தே 27 டிகிரியில் வைத்தேன். (மெல்போர்ன் வாசகர்)

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே காரணம் இருக்கிறது. சூடு வேண்டும் என்பது சரி, எப்போது வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஈஸ்டைக் கலந்ததும் முதல் இரண்டு நாள் அது செல்களைப் பெருக்குகிறது. அந்தச் சமயத்தில் சூடு கூடினால் வளர்ச்சி கட்டுமீறி ஓடும். கனமான ஆல்கஹால்களும் எத்தில் அசிடேட்டும் அளவுக்கு மிஞ்சி உண்டாகும். நீங்கள் முகர்ந்தது எத்தில் அசிடேட். நெஞ்சை எரித்தது அந்தக் கனமான ஆல்கஹால்கள். பெருக்கம் முடிந்து சர்க்கரையைத் தின்னும் கட்டம் வந்தபின் சூடு ஏறினால் அதே அளவு கேடு வராது. மாறாக ஈஸ்ட் சோர்ந்துபோகாமல் கடைசிவரை வேலை செய்யும்.

ஆகவே சாற்றை 18 டிகிரிக்கு ஆறவிட்டு ஈஸ்டைச் சேருங்கள். நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுங்கள். ஆக்சிஜன் தேவைப்படும் ஒரே கட்டம் இது. முதல் இரண்டு நாள் 20 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு ஒன்றரை டிகிரி வீதம் ஏற்றி, ஒரு வாரத்தில் 26-ஐத் தொடலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அறையின் வெப்பமானி காட்டுவது பீரின் சூடு அல்ல. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது பாத்திரத்தின் உள்ளே அறையைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாக இருக்கும். வெப்பமானியின் முனையைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே மடித்த துணியைக் கட்டிப் பாருங்கள். நீங்கள் 27 என்று எழுதியிருப்பது அறையின் அளவானால் உள்ளே 31-ஐத் தாண்டியிருக்கும்.

சர்க்கரைக்கும் இதுவே நேரம். டெக்ஸ்ட்ரோஸைக் கொதியிலேயே போட்டால் தவறில்லை. ஆனால் ஈஸ்ட் எளிதான சர்க்கரையை முதலில் தின்றுவிட்டு, மால்ட்டின் சர்க்கரையான மால்ட்டோஸைத் தொடும்போது சோம்பிவிடும் அபாயம் உண்டு. நான் விரும்புவது மூன்றாம் நான்காம் நாள்: 700 கிராமை அரை லிட்டர் நீரில் கொதிக்க வைத்து, ஆறியபின் மெதுவாக ஊற்றுவது. நுரை ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி எழும்பும். மேலே இடம் விட்டு வையுங்கள்.

எரியும் அந்த பீரை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மாதம் குளிரில் வைத்தால் கொஞ்சம் மட்டுப்படலாம், முழுதும் போகாது. அந்த இடத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதையே நான் சொல்வேன்.

கேள்வி: இரண்டு வாரமாக 1.016-இலேயே நிற்கிறது. பாட்டிலில் அடைத்துவிடலாமா? (பர்மிங்காம் வாசகர்)

பதில்: அடைக்காதீர்கள். இந்தப் பகுதியில் நான் எழுதும் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். 1.016-க்கும் 1.006-க்கும் இடையே மீதமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்தால் லிட்டருக்குச் சுமார் ஐந்து லிட்டர் கரியமில வாயு வெளிவரும். நீங்கள் போடும் சர்க்கரையின் வாயு அதன்மேல். எந்தக் கண்ணாடியும் தாங்காது. உடைந்தால் கண்ணுக்கு ஆபத்து.

1388 ஈஸ்ட் கடைசிக் கட்டத்தில் தூங்கிவிடும் இயல்புடையது. பாத்திரத்தை 26 முதல் 28 டிகிரிக்கு ஏற்றி, திறக்காமலே லேசாக ஆட்டி அடி ஈஸ்டை எழுப்புங்கள். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். அசையவில்லை என்றால், வேறொரு மால்ட் சாற்றில் நுரைத்துக்கொண்டிருக்கும் புதிய ஈஸ்டைச் சேருங்கள். தூளை நேரே தூவினால் இந்த ஆல்கஹாலில் அது பிழைப்பது அரிது. மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் 1.008-க்குக் கீழே ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது. 1.010-இல் பிடிவாதமாக நின்றால், ஊற வைக்கும்போது பயன்படுத்திய வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துச் சரிபாருங்கள். 64 என்று காட்டி 68-இல் ஊற வைத்திருக்கக்கூடும்.

கேள்வி: டூவெலின் நுரை எப்படி வருகிறது? என் பீரில் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. (ஒஸ்லோ வாசகர்)

பதில்: முதல் காரணம் வாயு. சாதாரண பீரில் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் அளவு வாயு கரைந்திருக்கும். டூவெலில் நான்கைத் தாண்டும். வீட்டில் மூன்றரைக்கு அருகில் நிறுத்துவது பாதுகாப்பு. 26 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே முக்கால் அளவு கரைந்திருக்கும். அதனால் லிட்டருக்கு 10 கிராம் வெள்ளைச் சர்க்கரை போதும். 20 லிட்டர் தயாரித்தாலும் அடிவண்டல் போக 18 லிட்டர்தான் தேறும். கையில் வந்ததை அளந்து, 180 கிராம் என்று கணக்கிடுங்கள்.

பாட்டில் தடிமனாக இருக்க வேண்டும். ஷாம்பெயின் பாட்டில், அல்லது பெல்ஜிய பீர் வந்த கனமான பாட்டில். ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய மெல்லிய பாட்டில்களை இதற்குத் தொடவே வேண்டாம்.

கிளாஸும் காரணமாக இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருந்தால் எவ்வளவு வாயு இருந்தாலும் நுரை நிற்காது. வெந்நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள்.

கேள்வி: ஆலையில் 90 நாள் எடுக்கிறது என்கிறார்கள். நாமும் அவ்வளவு காத்திருக்க வேண்டுமா? (சிட்னி வாசகர்)

பதில்: ஆம். எங்கே குறைக்கலாம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். குறைத்தவர்களின் பீர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆலையில் நொதித்தபின் உறைநிலைக்குக் கீழே சில வாரம் வைக்கிறார்கள். பாட்டிலில் அடைத்தபின் 24 டிகிரி அறையில் இரண்டு வாரம், அதன்பின் குளிர் நிலவறையில் ஆறு வாரம். வீட்டில் 1 டிகிரி குளிர்பெட்டியில் மூன்று வாரம் வைத்தால் ஈஸ்டும் புரதக் கலங்கலும் அடியில் இறங்கிவிடும். அதன்பின் மிதக்கும் ஈஸ்ட் போதாது என்பதால் அடைக்கும்போது இரண்டு கிராம் லால்வின் இ.சி. 1118 ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சேருங்கள். இரண்டு வாரம் 24 டிகிரி. பிறகு ஒரு பாட்டிலைத் திறந்து வாயுவைச் சோதித்துவிட்டு மற்றவற்றைக் குளிருக்கு மாற்றுங்கள். மூன்றாம் வாரத்தில் பச்சை ஆப்பிள் வாடை தெரியும். ஆறாம் வாரம் அது இருக்காது.

கேள்வி: என் பீர் டூவெலை எட்டிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது? நண்பர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். (பாரிஸ் வாசகர்)

பதில்: எது எது என்று சொல்லாமல் மூன்று கிளாஸ் கொடுங்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. வேறுபட்ட கிளாஸ் எது என்று மட்டும் கேளுங்கள். எது பிடித்தது என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே அளவு குளிரில், 6 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். படிவைக் கலக்காமல் ஊற்றுங்கள், ஏனென்றால் கலங்கலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கடையில் வாங்கும் டூவெலின் தேதியையும் பாருங்கள். வெயில்பட்ட அலமாரியில் ஒரு வருடம் நின்ற பாட்டிலோடு ஒப்பிட்டு உங்கள் பீரைத் திருத்தாதீர்கள். கண்டுபிடித்தவர்களிடம் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "கனமாக இருந்தது" என்றால் அடுத்த முறை ஊற வைக்கும் சூட்டை ஒரு டிகிரி குறையுங்கள். "பழவாசனை கூடுதல்" என்றால் 26-க்குப் பதில் 24-இல் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே முறையில் மாற்றாதீர்கள்.