வாசகர் கேள்வி: எடை குறைந்தால்தான் போல் டான்ஸ் வருமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் நான், சில மாதங்களாக இங்குள்ள ஒரு ஸ்டுடியோவில், செங்குத்தான கம்பத்தைப் பற்றி ஆடும் ‘போல் டான்ஸ்’ கற்று வருகிறேன். எனக்குத் தொடையும் இடுப்பும் பருமன். உடன் பயிலும் தோழி உயரமானவர், ஒல்லியானவர். ‘சூப்பர்மேன்’ நிலையில் என் உள்தொடை உயிர் போகிறாற்போல் வலிக்கிறது. தலைகீழாகத் திரும்பும் ‘இன்வெர்ட்’ இன்னும் கைகூடவில்லை. எடையைக் குறைத்துவிட்டுத்தான் தொடர வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்களுடைய இரண்டு சிரமங்களுக்கும் காரணங்கள் வேறு வேறு. இரண்டையும் எடையின் கணக்கிலேயே எழுதிவிடுவதால்தான் ஆர்வத்தோடு வந்த பலர் மனம் சோர்ந்து விலகிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

முதலில் தொடை வலி. சூப்பர்மேன் நிலையில் உடல் தரைக்கு இணையாகக் குப்புற நீண்டிருக்க, ஒரு கையின் துணையோடு தொடைகளின் இடுக்குப் பிடியே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. விழுப்புரத்துப் பிள்ளைகள் ஏறும் மல்லர் கம்பம் பருத்த மரம். அதில் ஆமணக்கெண்ணெயும் தடவியிருப்பார்கள். போல் டான்ஸ் போட்டிகளில் பயன்படும் உலோகக் கம்பத்தின் விட்டமோ 45 மி.மீ., அதாவது சுற்றளவு 14 செ.மீ. மட்டுமே. இத்தனை மெல்லிய கம்பத்தை வெறும் தோலின் உராய்வால் பற்றும்போது, யாருடைய தொடையானாலும் தோல் இழுபட்டு எரியத்தான் செய்யும். இதில் உங்கள் சதைப்பற்று உங்களுக்குத் துணையே: அது கம்பத்தைச் சுற்றிப் படிந்து அழுத்தத்தைப் பரவலாக்குகிறது. கம்பம் ஏறும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு நேராக அழுந்துவதால் உங்கள் தோழி படும் வேதனையை அவரிடமே கேட்டுப் பாருங்கள். தொடைகளை இறுக்கி, தோல் நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகே உடலை நீட்டுங்கள். பற்றிய பின் இடுப்பைத் திருப்பினால் தோல் முறுக்கிக்கொள்ளும். வகுப்பு நாளில் கால்களுக்கு லோஷன் பூசாதீர்கள், வழுக்கும்.

இன்வெர்ட்டில் எடைக்குப் பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது கைப்பிடியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் முக்கியம். முழங்கால்களை மார்போடு மடக்கி, இடுப்பைக் கம்பத்தை ஒட்டி உயர்த்தினால் நெம்புகோல் குறுகி, தூக்கத் தேவைப்படும் விசையும் குறையும். உயரமானவர்களுக்கும் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. உடலின் எல்லா அளவுகளும் 10 சதவீதம் கூடினால் தசையின் வலுவுக்கு அடிப்படையான அதன் குறுக்குப் பரப்பு 21 சதவீதம்தான் கூடும், எடையோ 33 சதவீதம் கூடிவிடும். நீட்டிய கைகளால் உடலைக் கொடிபோல் கிடையாக நிறுத்தும் ‘அயர்ன் எக்ஸ்’ குட்டையானவர்களுக்கு ஒப்பளவில் எளிதாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். முதுகுப்புறமாகப் பாதத்தைப் பிடிக்கும் நிலைகளில் நீண்ட கையுடையோர் முந்திக்கொள்வார்கள்.

தோலின் எரிச்சலும் கன்றிப்போவதும் பழகப் பழகக் குறையும். மூட்டு வலியை அப்படிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. மேல்கையை உட்புறமாக முறுக்கிப் பிடிக்கும் ‘ட்விஸ்டட் கிரிப்’பில் தோள் குத்தினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ உடனே இறங்கிவிடுங்கள். முழங்கை இயல்பாகவே பின்னுக்கு வளைபவர்கள் கையை முற்றிலும் நீட்டிப் பூட்டாமல், இம்மியளவு மடித்தே பாரம் ஏற்ற வேண்டும். கால்களை அகல விரிக்கும் நிலைகளில் இடுப்பெலும்புக் குழியின் அமைப்பே சிலருக்கு எல்லை வகுத்துவிடும்; அங்கே பயிற்சியாளர் அழுத்தித் தள்ள முயன்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.