கேள்வி உங்களோடது: பிளேட்டோவுக்கு ஒரு சங்கமா?

போன மாசம் மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல ஒரு கல்யாண விருந்துல, வெளியூர் லெக்சரர் ஒருத்தர் "பழைய கிரேக்க தத்துவத்தைப் படிக்கன்னே உலகத்துல சங்கம் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். அதுல இருந்து அந்த ஊர்ல இருந்து கேள்வியா வந்து குவியுது. மத்த ஊர்க்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல.

தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா (குமாஸ்தாவா) இருந்து ஓய்வு பெற்றவர்: 2,400 வருஷமா படிச்சாச்சு. இன்னும் சங்கம் வச்சுப் படிக்க என்னதான் மிச்சம் இருக்கு?

ஐயா, மிச்சம் ஏகப்பட்டது இருக்கு. அமெரிக்காவுல 1953ல ஆரம்பிச்ச பண்டைய கிரேக்க தத்துவச் சங்கம் ஒண்ணு இருக்கு, தத்துவப் பேராசிரியர்ங்க மாநாடு நடந்தா அங்க ஒரு கூட்டம், கிரேக்கம் லத்தீன் படிச்சவங்க மாநாடு நடந்தா அங்க ஒரு கூட்டம்னு ரெண்டு பக்கமும் கால வச்சிருக்காங்க. பிளேட்டோவுக்கு மட்டும்னு 1989ல இத்தாலியில ஆரம்பிச்ச அனைத்துலகச் சங்கம் வேற. இவங்க மூணு வருஷத்துக்கு ஒருக்கா கூடுவாங்க, கூடுறப்ப பிளேட்டோ உரையாடலா எழுதுன நூல்கள்ல ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு மூணு, அத மட்டும் வச்சு அலசுவாங்க. 2010ல தோக்கியோவுல 'ரிபப்ளிக்', 2016ல பிரேசிலியாவுல 'ஃபீடோ', 2019ல பாரிஸ்ல 'பார்மெனிடீஸ்'. ஒரே புத்தகத்துக்காக எங்கெங்கிருந்தோ பிளேன் ஏறி வர்றாங்க பாருங்க, அந்தப் பொறுமை எனக்குப் பிடிச்சிருக்கு.

உங்க தொழிலுக்கு ஏத்த ஒரு கதை சொல்றேன். எகிப்துல கி.பி. 78, 79ல ஒரு பண்ணையோட வரவு செலவ டிடிமஸ்னு ஒரு மேற்பார்வையாளர் தன் முதலாளிக்காக பாப்பிரஸ் சுருள்ல எழுதி வச்சாரு. கணக்கு பழசாப் போனதும் சுருளத் தூக்கிப் போடல, பின்பக்கம் காலியாத்தான இருக்குன்னு அதுல நாலு பேர் மாத்தி மாத்தி ஒரு நூலையே காப்பி எழுதிட்டாங்க. அதுதான் அரிஸ்டாட்டில் பேர்ல வழங்குற ஏதென்ஸ் ஆட்சிமுறை பத்தின நூல். அதுவரைக்கும் துண்டு துணுக்கா மட்டும் தெரிஞ்சிருந்தது, கிட்டத்தட்ட முழுசா பிரிட்டிஷ் மியூசியம் மூலமா 1891லதான் அச்சுக்கே வந்துச்சு. நீங்க எழுதுன செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) பின்னாடி எவனோ தொல்காப்பியத்த எழுதி வச்ச மாதிரி! அத அரிஸ்டாட்டிலே எழுதினாரா, இல்ல அவர் மாணவர் யாராச்சும் எழுதினாங்களான்னு இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க. மிச்சம் என்னன்னு கேட்டீங்களே ஐயா, இந்த மாதிரிதான்.

எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாணவி: கிரேக்கம் தெரியாம பிளேட்டோ படிக்கலாமா? ஓரத்துல 43ஏ, 43பி-ன்னு போட்டிருக்காங்களே, அது என்ன நம்பர்?

தாராளமா படிக்கலாம் தங்கச்சி. சங்கத்துல கட்டுரை வாசிக்கணும்னாதான் கிரேக்கம் வேணும், வாசகருக்கு ஒரு நல்ல மொழிபெயர்ப்பு போதும். தமிழ்ல வேணும்னா வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவோட 'ரிபப்ளிக்'க கொண்டு வந்திருக்காரு. மனுஷன் ரங்கூன்ல பத்து வருஷம் போல இருந்தவர், நம்மள மாதிரியே கடல் தாண்டி வந்தவர்.

அந்த நம்பர் இருக்கே, அது 1578ல ஜெனீவாவுல ஹென்றி எஸ்தியேன்ங்கிற அச்சுக்காரர் போட்ட பதிப்போட பக்க எண். ஒவ்வொரு பக்கத்தையும் ஏ-ல இருந்து ஈ வரைக்கும் பிரிச்சு வச்சாரு, இன்னிக்கு எந்த மொழியில அச்சடிச்சாலும் பெரும்பாலும் ஓரத்துல அதே நம்பர்தான். நீ சுங்கை சிப்புட்ல உக்காந்து 'மேனோ 82பி'ன்னு ('மேனோ' பிளேட்டோவோட ஒரு நூல்) சொன்னா பாரிஸ்ல இருக்கிறவன் அதே வரிக்கு வந்து நிப்பான். ஆனா நூல் பேரையும் சேர்த்துச் சொல்லு, ஏன்னா அவர் போட்டது மூணு வால்யூம், ஒவ்வொண்ணுலயும் நம்பர் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். காசு குடுக்காம படிக்க டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோட பெர்சியஸ் டிஜிட்டல் லைப்ரரி இருக்கு, கிரேக்கமும் இங்கிலீஷும் ரெண்டும் கிடைக்கும்.

பால்மரம் வெட்டுற ஒரு அம்மா: அடிமைங்க வேலை செஞ்சாங்க, இவங்க நிழல்ல உக்காந்து பேசுனாங்க. நாம ஏன் இத மதிக்கணும்?

அக்கா, இந்த வாரத்துக் கேள்வியிலயே இதுதான் கேள்வி. நீங்க சொல்றது உண்மை. அரிஸ்டாட்டில் 'பாலிட்டிக்ஸ்' முதல் பாகத்துலயே அடிமைய உயிருள்ள கருவின்னு எழுதுறாரு, சில பேர் பொறப்புலயே அடிமைன்னும் வாதாடுறாரு. அந்தக் காலம் அப்படின்னு பூசி மெழுக எனக்கு இஷ்டமில்ல, அந்த ஆராய்ச்சிக்காரங்க பல பேரும் மெழுகுறதில்ல.

ஆனா நான் சொன்ன அந்த மேனோ 82பி-யப் பாருங்க. வீட்டு அடிமைப் பையன் ஒருத்தனக் கூப்பிட்டு, சாக்ரடீஸ் மண்ணுல ரெண்டடிச் சதுரம் ஒண்ணு போட்டு, இதப்போல ரெண்டு மடங்கு பரப்புக்கு பக்கம் எவ்வளவு நீளம் வேணும்னு கேக்குறாரு. பையன் டக்குன்னு நாலடின்றான். போட்டுப் பாத்தா பரப்பு பதினாறு, வேண்டியது எட்டு. சரி மூணடின்றான், ஒம்போது வருது. அதுக்கப்புறம் "எனக்குத் தெரியல"ங்கிறான். அங்க இருந்து கேள்வி மேல கேள்வி கேட்டு, குறுக்குக்கோட்டையே பக்கமா வச்சா எட்டு வரும்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கிறாரு. பள்ளிக்கூடமே பாக்காத பையன்! இவ்வளவும் நடந்து முடியுது, அவன் பேர் என்னன்னு யாரும் கேக்கல. நூல்லயும் இல்ல. அது எனக்கு உறுத்தும், ஒவ்வொரு தடவையும்.

எபிகூரஸ்னு இன்னொரு கிரேக்க தத்துவஞானி கொஞ்சம் பரவாயில்ல. ஏதென்ஸ்ல அவரோட தோட்டத்துல (நம்ம தோட்டம் இல்லக்கா, அவர் பள்ளிக்கூடத்துக்கே அதான் பேர்) பொம்பளைங்களும் அடிமைங்களும் சேர்ந்து படிச்சாங்க, மீஸ்னு ஒரு அடிமைய அவர் உயில்லயே விடுதலை பண்ணிட்டாரு. எபிக்டீட்டஸ்னு பின்னாடி வந்தவர் அடிமையா இருந்து, விடுதலையாகி, பெரிய ஆசிரியரா ஆனவர். மதிக்கிறது மதிக்காதது உங்க இஷ்டம், ஆனா படிச்சுட்டுத் திட்டுங்க, அப்பதான் திட்டு கரெக்டா போய் விழும்.

டாக்ஸி ஓட்டுநர்: லண்டன்ல அரிஸ்டாட்டில் சங்கம்னு ஒண்ணு இருக்காமே, அதுவும் இதுதானா?

இல்லண்ணே. 1880ல ஆரம்பிச்சது, பேர்தான் அரிஸ்டாட்டில், உள்ள எல்லா விதத் தத்துவமும் பேசுவாங்க.

இளைஞர் மன்றத்துல இருந்து: எங்க ஊர்லயும் இப்படி ஒரு வாசிப்பு வட்டம் ஆரம்பிக்கணும். எப்படி?

தம்பிங்களா, பேனர் அடிக்கிறத, தலைவர் செயலாளர் பதவிய எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பிளேட்டோவோட 'கிரைட்டோ'வ எடுங்க, 43ஏ-ல இருந்து 54ஈ வரைக்கும்தான், பன்னண்டு பக்கம். மரண தண்டனைக்குக் காத்திருக்கிற சாக்ரடீஸ ஜெயில்ல இருந்து ஓடிப்போயிடுன்னு பழைய கூட்டாளி வந்து கெஞ்சுறான், அவர் மாட்டேங்கிறாரு, சட்டமே எழுந்து வந்து தன்கிட்ட பேசுற மாதிரி ஒரு வாதமும் வைக்கிறாரு. அந்த வாதம் சரியான்னு விடிய விடிய சண்டை போடலாம். ஒருத்தர் சத்தமா படிங்க, புரியாத இடத்துல யார் வேணா "நிறுத்து"ன்னு சொல்லலாம், முடிக்கணும்னு அவசரமே படாதீங்க. எல்லாரும் நம்பர் போட்ட பிரிண்டா எடுத்துட்டு வாங்க, இல்லன்னா பாதி நேரம் "எந்தப் பக்கம் லா"ன்னே போயிடும். கோயில் மண்டபம் வெள்ளிக்கிழமை கிடைக்காது, வேற நாள் கேளுங்க.