காப்பியடித்த பண்டிகையா?

கேள்வி: கொரிய சீரியல்களில் கிறிஸ்துமஸ் வந்தால் சர்ச்சும் காணோம், அப்பா அம்மாவையும் காணோம். ஜோடி ஜோடியாகக் கேக் வெட்டுகிறார்கள். அமெரிக்காவைக் காப்பியடித்ததில் பண்டிகையின் உயிரே போய்விட்டது என்கிறேன். சரிதானே?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: சரியில்லை. அமெரிக்காவைக் காப்பியடித்திருந்தால் மொத்தக் குடும்பமும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்குமே! தென்கொரியர்கள் சொந்த ஊருக்கு மூட்டை கட்டுவது சந்திரப் புத்தாண்டான சொல்லாலுக்கும், அறுவடைத் திருநாளான சூசொக்குக்கும்தான். பயணம், முன்னோருக்குப் படையல், மாமியார் வீட்டு அடுக்களை என்று அந்த இரண்டிலேயே, குறிப்பாகப் பெண்களுக்கு, நாக்குத் தள்ளிவிடும். டிசம்பர் 25-இல் அப்படி ஒரு கடமையும் கிடையாது. இளசுகள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவுக்குப் பங்கு இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. 1945-இல், கொரியாவை ஆண்டுவந்த ஜப்பான் தோற்றதும் தெற்கே வந்து இறங்கிய அமெரிக்க ராணுவ நிர்வாகம் கிறிஸ்துமஸுக்கு விடுமுறையும் விட்டது, ராத்திரி ஊரடங்கும் போட்டது. விடுமுறையை 1949-இல் முதல் அதிபர் சிங்மன் ரீயின் அரசு முறைப்படி நிலைநிறுத்தியது. அவர் மெதடிஸ்ட் கிறிஸ்தவர். (புத்தர் பிறந்தநாளுக்கு விடுமுறை கிடைக்க 1975 வரை ஆயிற்று. அத்தனை பௌத்தர்கள் இருந்த நாட்டில்!) ஊரடங்கோ 1982 ஜனவரி வரை ஓடியது. நள்ளிரவு 12 மணிக்குச் சங்கு ஊதினால் காலை 4 மணி வரை தெருவில் தலை காட்டக் கூடாது. மீறினால் போலீஸ் ஸ்டேஷனில்தான் விடியும். வருடத்தில் ஓரிரு இரவுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதில் ஒன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு.

இருபது வயதுப் பிள்ளைகளை வருடம் பூராவும் பூட்டிவைத்து, ஒரு ராத்திரி மட்டும் கதவைத் திறந்துவிட்டால் பூசைக்கு மட்டுமா போவார்கள்? சியோலின் கடைவீதிப் பகுதியான மியோங்டாங்கின் தெருக்கள் நிரம்பி வழிந்தன. பத்திரிகைகள் ‘சீரழிவு’ என்று உங்களைப் போலவே தலையங்கம் எழுதின. சட்டம் போய் நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த ராத்திரியின் பழக்கம் போகவில்லை.

சர்ச் காணோம் என்பது கேமராக்காரரின் குறை. 2015 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் கிறிஸ்தவர்கள். 1898-இல் கட்டி முடித்த மியோங்டாங் பேராலயத்தில் நள்ளிரவுப் பூசைக்குக் கூட்டம் அலைமோதும். உங்கள் ஊருக்குப் பழக்கமான இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பு) 1928 முதல் டிசம்பர் மாதங்களில் சிவப்புப் பானை வைத்து, மணியடித்துக் காணிக்கை சேர்க்கிறது. உங்கள் பக்கத்துக் கேரல்ஸ் போல, விடியுமுன் வீடு வீடாகப் போய்ப் பாடும் ‘சேபியொக்சொங்’ வழக்கமும் சபைகளில் இருந்தது. வாசலில் பாட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் தின்பண்டம் கொடுப்பார். அதைக் கொன்றது அமெரிக்கா அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பு. அதிகாலை நான்கு மணிக்குப் பாடினால் பக்கத்து பிளாட்காரர் புகார் கொடுக்கிறார்.

திட்டியே தீர வேண்டுமென்றால் கேக்கைத் திட்டுங்கள். நம் பிளம் கேக் அல்ல. கிரீம் பூசி, ஸ்ட்ராபெரி அடுக்கியது. சியோல் நட்சத்திர ஓட்டல் ஒன்று 2023-இல் ஒரு கேக்குக்கு 3 லட்சம் வொன் விலை வைத்தது, நம் பணத்தில் சுமார் 19,000 ரூபாய். அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி.