வேர் முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு ஏன்?

கேள்வி: ரப்பர் இளங்கன்றுகளுக்கு இடையே மூடுபயிராகப் பயறுக்கொடியைப் படரவிட்டிருக்கிறோம். அதன் வேர் முடிச்சுகளைக் கீறிப் பார்த்தால் சில இளஞ்சிவப்பாகவும், சில வெளுத்தும், சில பச்சையாகவும் இருக்கின்றன. தழைச்சத்து கிடைப்பதற்கும் இந்த நிறங்களுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர் ஒருவர், குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகியிருப்பதால், எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. உரத் தொழிற்சாலையில் அந்த நைட்ரஜனை அம்மோனியாவாக்க ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். அதே வேலையை முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள், மண்ணின் இயல்பான வெப்பநிலையிலேயே, நைட்ரஜனேஸ் என்னும் நொதியைக் கொண்டு செய்துவிடுகின்றன.

இந்த நொதி இரண்டு புரதங்கள் இணைந்து இயங்கும் அமைப்பாகும். இரும்பு கொண்ட சிறிய புரதம், உயிரணுக்கள் ஆற்றலைச் சுமக்கப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பெரிய புரதத்துக்கு அளிக்கிறது. அங்கே 7 இரும்பு, 9 கந்தகம், ஒரு மாலிப்டினம், நடுவில் ஒரு கார்பன் என அமைந்த அணுத்திரளின் மேல்தான் நைட்ரஜன் அம்மோனியாவாக மாறுகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி செலவாகும். செடி இலையில் உண்டாக்கி வேருக்கு அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் பாக்டீரியா இதைப் பெறுகிறது.

சிக்கலே இங்குதான் எழுகிறது. சர்க்கரையை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆனால் நைட்ரஜனேஸ் ஆக்சிஜன் பட்டால் மீளாதபடி கெட்டுவிடும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தைச் செடி முடிச்சுக்குள் நிரப்பி வைக்கிறது. அது கட்டற்ற ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, மூச்சுக்குத் தேவையான அளவை மட்டும் பாக்டீரியாவிடம் சேர்க்கிறது. இயற்கையின் ஏற்பாடுகளில் இதைவிட நுட்பமானவை மிகச் சிலவே என்பது என் கருத்து. நீங்கள் கண்ட இளஞ்சிவப்பு இந்தப் புரதத்தின் நிறமே. வெளுத்தவை முற்றாத முடிச்சுகளாகவோ திறனற்ற பாக்டீரியா புகுந்தவையாகவோ இருக்கலாம். பச்சை நிறம் மூப்பின் அடையாளம்.

வெளுத்தவையே மிகுதி என்றால் இரண்டைக் கவனியுங்கள். யூரியாவை மிகுதியாக இட்டால் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். மேலும், அமிலத்தன்மை மிகுந்த சரளை மண்ணில் மாலிப்டினம் இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டிக்கொண்டு வேருக்கு எட்டாமல் போகும். சுண்ணாம்பு இட்டால் அது விடுபடும். ரப்பர் அமில மண்ணுக்குப் பழகிய மரமாதலால், சுண்ணாம்பின் அளவை மண் பரிசோதனைக்குப் பிறகே முடிவு செய்யுங்கள்.