கணினி கேள்வி பதில்: எழுதிய வரியே திரும்பி வருகிறதே?

கேள்வி: எஸ்பிஎம் தேர்வு முடித்துவிட்டுப் பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். 'வணக்கம்' காட்டும் மூன்று வரி நிரலை நோட்பேடில் எழுதி டெஸ்க்டாப்பில் சேமித்தேன். கோப்பைச் சொடுக்கினால், எழுதிய வரிகளே உலாவியில் அப்படியே வருகின்றன. கணினியைச் சர்வராக்கும் ஸாம்ப் மென்பொருளும் போட்டாயிற்று. எங்கே தவறு?
- மாணவன், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நிரலைச் சந்தேகிக்காதீர்கள் தம்பி, திறந்த வழிதான் தவறு. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் உலாவியே ஓட்டிவிடும். பிஎச்பியை, உலாவிக்குப் பக்கங்களை அனுப்பும் மென்பொருளான சர்வர்தான் ஓட்ட வேண்டும். ஓட்டிக் கிடைத்த விடை மட்டுமே உலாவிக்கு வரும். கோப்பை நேரே சொடுக்கும்போது சர்வருக்கு வேலையே இல்லாமல் போகிறது. முகவரிப் பட்டையைப் பாருங்கள், 'ஃபைல்' என்று தொடங்கும். அங்கே உங்கள் கணினியையே குறிக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' இருக்க வேண்டும்.

ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி என்ற சர்வருக்கு எதிரே உள்ள ஸ்டார்ட்டை அழுத்துங்கள். பெயர் பச்சையானால் சர்வர் தயார். தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் இப்போதைக்கு வேண்டாம். சி டிரைவில் ஸாம்ப் கோப்புறைக்குள் 'எச்டிடாக்ஸ்' இருக்கும். கோப்பை அதற்குள் போடுங்கள். பிறகு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, கோப்பின் முழுப்பெயர் என்று தட்டுங்கள்.

கோப்பு கிடைக்கவில்லை என்னும் 404 பிழை வந்தால் பெரும்பாலும் நோட்பேடின் வேலை. பிஎச்பி என்று நீங்கள் கொடுத்த பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' என்று ஒரு வாலைச் சேர்த்திருக்கும், விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லிவிட்டு வாலை நீக்குங்கள். அடுத்த முறை சேமிக்கும்போதே 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்கள்.

அப்பாச்சி பச்சையாகாமல் நின்றுவிட்டால், அது இணைப்புகளை ஏற்கும் வாசலான 80ஆம் போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்திருக்கலாம். எது என்று அதே பேனலில் உள்ள நெட்ஸ்டாட் பொத்தான் காட்டும். அதை நிறுத்த மனமில்லையென்றால், அப்பாச்சியின் கான்ஃபிக் கோப்பில் 'லிசன் 80' என்பதை 8080 ஆக்குங்கள். முகவரியிலும் லோக்கல்ஹோஸ்டுக்குப் பின் முக்காற்புள்ளியிட்டு 8080 சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிஎச்பி முடியும் இடத்தைக் காட்டும் முடிவுக் குறிக்கு முந்தைய வரியில் அரைப்புள்ளியை மறந்தாலும் பிஎச்பி பொறுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே திரையில் காட்டச் சொல்லும் இன்னொரு 'எக்கோ' வரியைச் சேர்த்த உடனே 'பார்ஸ் எரர், 3ஆம் வரி' என்று வரும். மூன்றாவது வரியில் குற்றமே இருக்காது, அரைப்புள்ளி இல்லாதது இரண்டாவதில். பிழை எண்ணுக்கு ஒரு வரி மேலேயும் பார்க்கப் பழகுங்கள். வேர்டில் அடித்த நிரலை ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்தவையாக வரும். அவற்றைப் பிஎச்பி மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. 'வணக்கம்' ஏதோ மாறிலியின் பெயர் என்று நினைத்து, 'அன்டிஃபைன்ட் கான்ஸ்டன்ட்' என்று நின்றுவிடும். குறிகளை அழித்து நோட்பேடிலேயே புதிதாகத் தட்டுங்கள்.

கேள்வி: ஸாம்பில் நேரம் காட்டும் நிரலைக் காலை 10 மணிக்கு ஓட்டினால் அதிகாலை 4 என்கிறது. கணினியின் கடிகாரமோ சரியாக இருக்கிறது.
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: உங்கள் சர்வர் பெர்லின் நேரத்தில் இருக்கிறது. ஸாம்ப் ஜெர்மனியில் பிறந்தது, அதன் பிஎச்பி அமைப்புக் கோப்பில் அந்த ஊரே நேர மண்டலமாக எழுதப்பட்டிருக்கும். கோடையில் நம்மைவிட 6 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 7.

கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி வரிசையின் கான்ஃபிக் வழியாக அந்தக் கோப்பைத் திறந்து 'டைம்சோன்' என்று தேடுங்கள். அரைப்புள்ளியில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு, விட்டுவிடுங்கள். 'யூரோப், பெர்லின்' உள்ள வரியில் ஆங்கிலத்தில் ஏசியா, சாய்கோடு, கோலாலம்பூர் என்று மாற்றுங்கள். கோலாவுக்கும் லம்பூருக்கும் நடுவே இடைவெளி கூடாது, அடிக்கோடு போட வேண்டும். பினாங்குக்கென்று தனிப்பெயர் கிடையாது.

சேமித்த பிறகு அப்பாச்சியை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். தொடங்கும்போது மட்டும்தான் அது அந்தக் கோப்பைப் படிக்கும், அதுவரை பழைய நேரம்தான் வரும். நிரலைப் பின்னால் இணையச் சர்வரில் ஏற்றப் போகிறீர்களா? அப்படியென்றால் நேர மண்டலத்தை நிரலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பல சர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், அங்கே 8 மணி நேரம் குறையும்.