பலகை முன்னால் நின்றால் மூளை ஓடவில்லை!

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வராண்டாவில் இருக்கும் பலகையை மாதாமாதம் அலங்கரிப்பது என் பொறுப்பு. முதலில் ஆசையாகத்தான் செய்தேன். இப்போது சார்ட்டை விரித்து வைத்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. யூடியூபைப் பார்த்து அப்படியே செய்துவிடுகிறேன். பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டிசம்பர் 22 கணித தினத்துக்குப் பலகை தயாராக வேண்டும். என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: டீச்சர், சார்ட்டை முதலில் விரிக்காதீர்கள். எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று காலியாகக் கிடக்கும் தாள்தான் கையைக் கட்டிப்போடுகிறது. யூடியூபிலும் இதே கதைதான். பத்து வீடியோ பார்த்தால் பத்தும் அழகாக இருக்கும், நாம் செய்யப்போவது மட்டும் மட்டமாகத் தெரியும்.

பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில், தோன்றுவதையெல்லாம் வெட்கப்படாமல் எழுதுங்கள். ராமானுஜன் படம், பிறந்த ஊர், ஆண்டு, சுற்றிலும் ஜிகினா பார்டர், மூலைக்கு மூலை கூட்டல் கழித்தல் குறிகள். முதலில் இவைதான் வரும். எல்லோருக்கும் அப்படித்தான். எழுதி முடித்துவிட்டு அடித்துவிடுங்கள். அப்புறம் ஆறாம் வகுப்புக்குப் போய், “இந்தப் பலகையில் எதைத் தொட்டுப் பார்க்க ஆசை?” என்று கேளுங்கள். உங்கள் பலகையில் குறைவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளுக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

இந்த முறைக்கு ஒரு யோசனை தருகிறேன். ஒரே ஒரு எண்: 1729. இங்கிலாந்தில் உடம்பு முடியாமல் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கப் போன பேராசிரியர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729, அதில் சுவாரசியமாக ஒன்றுமில்லை என்றார். ராமானுஜனோ படுத்தபடியே, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். 12-இன் கனம் (12×12×12) 1728, அதோடு 1-இன் கனம் 1. இன்னொரு பக்கம் 10-இன் கனம் 1000, 9-இன் கனம் 729. இரண்டு கூட்டலும் 1729.

இதைச் சார்ட்டில் எழுதி ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். பெட்டியாகச் செய்யுங்கள். அட்டையில் மூடியில்லாத நான்கு கனசதுரப் பெட்டிகள்: பக்கங்கள் 12, 1, 10, 9 செ.மீ. பலகைக்குக் கீழே ஒரு பெஞ்சில் 12-ம் 1-ம் ஒரு பக்கம், 10-ம் 9-ம் மறுபக்கம். நடுவில் ஒரு தட்டில் சலித்த காய்ந்த மணல். “எந்தப் பக்கம் மணல் அதிகம் பிடிக்கும்?” என்று எழுதி வையுங்கள். பெரிய பெட்டிதான் என்று பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். கொட்டிப் பார்க்கட்டும்.

பெட்டி செய்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சார்ட் அட்டை மணல் பாரத்துக்குப் புடைத்துக்கொள்ளும். ஏ4 பேப்பர் கட்டு வரும் அட்டைப்பெட்டியை வெட்டிக்கொள்ளுங்கள். அளவு உள்பக்க அளவாக இருக்க வேண்டும். 12 செ.மீ. பெட்டியில் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே 40 கன செ.மீ.க்கு மேல் போய்விடும், கணக்கு உதைக்கும். மூலைகளில் உள்ளேயும் வெளியேயும் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மணல் ஒழுகும். 10 செ.மீ. பெட்டி சரியாக ஒரு லிட்டர் கொள்ளும் என்பதால், லிட்டர் படியால் அளந்து உங்கள் கைவேலையைச் சரிபார்க்கலாம். ஒட்டும் வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தால் இருக்கட்டும், அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும்.

பலகையில் மஞ்சள் சார்ட், அதில் கறுப்பில் 1729. வேறு எதுவும் வேண்டாம். மஞ்சள் மேல் கறுப்பு தூரத்திலிருந்தே கண்ணில் படும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று பெயர்ப்பலகை எழுதுபவர்கள் கணக்கு வைப்பார்கள். அது படிப்பதற்கு. நடந்துபோகிற பிள்ளையை நிறுத்த வேண்டுமென்றால் எட்டு அங்குலமாவது இருக்கட்டும். ஹார்டி கதையை நாலு வரியில் எழுதி, மடித்த அட்டைக்குள் ஒளித்து வையுங்கள். “மணலைக் கொட்டிவிட்டுத் திற” என்று மேலே எழுதினால் போதும். இந்த அட்டை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். நம் பள்ளிகளில் பலகையைப் பெரியவர்கள் உயரத்துக்கு அடித்துவிடுகிறார்கள், அதனால் இதைச் சுவரிலேயே தாழ்வாக ஒட்டுங்கள்.

சில்லறை விஷயங்கள்: ஃபெவிகாலைத் தாள் முழுக்கத் தடவினால் சார்ட் சுருங்கி அலையலையாக நிற்கும். ஓரங்களில் இருபக்க டேப் நல்லது. தெர்மாகோல் எழுத்து வெட்டும் வேலையே வேண்டாம். ஒரு வாரம் போனதும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு நாள் பலகையைக் காலியாக விடுங்கள். அடுத்தது என்ன என்று பிள்ளைகளே வந்து கேட்பார்கள். கேட்பவரிடமே அடுத்த மாதத்துக்கு ஒரு யோசனை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, தலைமை ஆசிரியர் வந்து, “என்னம்மா, பலகையில் ஒன்றுமே ஒட்டலையே?” என்று கேட்டால்? மணல் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வையுங்கள்.